240 நிமிடம், 15 பேர்: என்.பி.ஏ. அணியில் யார் எவ்வளவு நேரம் ஆடுவது?

கூடைப்பந்தில் ஓர் அணிக்குக் களத்தில் ஐந்து பேர். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம் 48 நிமிடம் நடக்கும். பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாக நான்கு குவார்ட்டர். ஐந்தை 48-ஆல் பெருக்கினால் 240. ஓர் இரவுக்கு ஒரு கோச்சின் கையில் இருப்பது இந்த 240 நிமிடம்தான். ஸ்கோர் சமனாகி ஓவர்டைம் போனால் ஒவ்வொரு ஓவர்டைமுக்கும் ஐந்து நிமிடம் கூடும், கோச்சின் கணக்கில் 25 ஏறும்.

ஒப்பந்தத்தில் இருப்பவர்களோ 15 பேர். சமமாகப் பங்கு போட்டால் தலைக்கு 16 நிமிடம் வரும். எந்த அணியும் அப்படிச் செய்வதில்லை. ஒருவர் 36 நிமிடம் ஆடுவார், இன்னொருவர் பயிற்சி உடையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். இந்த ஏற்றத்தாழ்வு எப்படி முடிவாகிறது என்பது, பந்து கூடைக்குள் விழுவதை மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பிடிபடாத இன்னோர் ஆட்டம். என்னைக் கேட்டால் கூடைப்பந்தில் கோச்சின் திறமை வெளிப்படும் முக்கியமான இடமே இதுதான்.

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் முதலில் புரிய வேண்டியது ஆள் மாற்றும் விதி. கிரிக்கெட்டில் பதினோரு பேரை அறிவித்துவிட்டால் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஐ.பி.எல்.லில் இம்பாக்ட் பிளேயர் என்று ஒருவரை உள்ளே விடலாம். கூடைப்பந்தில் மாற்றங்களுக்குக் கணக்கே இல்லை. வெளியே போனவர் திரும்ப வரலாம், மறுபடி போகலாம், மறுபடி வரலாம். ஒரே நிபந்தனை, ஆட்டம் நின்றிருக்கும்போதுதான் மாற்ற முடியும். ஃபவுல், பந்து வெளியே போவது, டைம்அவுட் என ஏதாவது ஒரு நிறுத்தம் வர வேண்டும். உள்ளே வரவேண்டியவர் ஸ்கோரர் மேசைக்கு முன்னால் போய்க் காத்திருப்பார். ஹார்ன் ஒலித்து நடுவர் கையசைத்ததும் இவர் உள்ளே, அவர் வெளியே. சில நேரம் பந்து நிற்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடிக்கொண்டே இருக்கும். மேசைக்கு முன்னால் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார், களத்தில் களைத்துப்போனவர் மூச்சிரைத்துக்கொண்டே ஓடுவார். கோச் போட்ட நேரக் கணக்கு பிசகுவது பெரும்பாலும் இப்படித்தான்.

டிவி விளம்பரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒவ்வொரு குவார்ட்டரிலும் கடிகாரம் ஏழு நிமிடத்துக்குக் கீழே இறங்கிய பின் வரும் முதல் நிறுத்தத்திலும், மூன்று நிமிடத்துக்குக் கீழே இறங்கிய பின் வரும் முதல் நிறுத்தத்திலும் கட்டாய டைம்அவுட் உண்டு. அந்த இரண்டு இடங்களில் ஆட்கள் கொத்தாக மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். எப்படியும் ஆட்டம் நிற்கப்போகிறது என்று தெரிந்த நேரம் என்பதால் கோச்சுகள் திட்டத்தை அதைச் சுற்றியே போடுகிறார்கள்.

சரி, 240 எப்படிப் பிரிகிறது? கற்பனையாக ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேருக்குத் தலைக்கு 34 நிமிடம் என்று வைத்தால் 170 போய்விடும். மீதி 70. பெஞ்சிலிருந்து முதலில் வருபவருக்கு 26, அடுத்தவருக்கு 20, அதற்கடுத்தவருக்கு 16. எஞ்சுவது எட்டே நிமிடம். அது ஒன்பதாவது ஆளுக்கு. பத்தாவது ஆளிலிருந்து பதினைந்தாவது ஆள் வரை பூஜ்யம். இவர்களும் உலகத்தின் மிகச் சிறந்த சில நூறு கூடைப்பந்து வீரர்களில் அடக்கம் என்பதை மறக்கக்கூடாது. பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை 2015-இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணி 52-ஆவது ஆளாக டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் ஆள் அவர். ஏழடிக்கு மேல் உயரம். துணை லீக்கில் ஆடினார், என்.பி.ஏ. களத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த 240-இல் இடம் பிடிப்பது அவ்வளவு கடினம்.

வழக்கமாக ஆடும் இந்த எட்டு ஒன்பது பேரைத்தான் ரொட்டேஷன் என்கிறார்கள். "ரொட்டேஷனில் இருக்கிறாரா?" என்ற கேள்விதான் ஒரு வீரருக்கு வாழ்வா சாவா. தொடக்க ஐவரில் இருக்கிறாரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொரு பக்கக் கோடியையும் சொல்லிவிடுகிறேன். 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லின் சராசரியாக ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம்தான். ஓவர்டைம்களும் சேர்ந்ததால் சராசரி அதைத் தாண்டிவிட்டது. அந்த சீசனின் 80 ஆட்டங்களில் அவர் களத்தில் இல்லாதது மொத்தமே எட்டு நிமிடம், அதுவும் நடுவரோடு தகராறு செய்து வெளியேற்றப்பட்டதால். இன்று ஒரு கோச் இப்படி ஆட வைத்தால் அணியின் மருத்துவக் குழுவே அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

தொடங்குபவரும் முடிப்பவரும்

புதிதாகப் பார்க்கிறவர்கள் தொடக்க ஐவர்தான் அணியின் சிறந்த ஐவர் என்று நினைப்பார்கள். பல நேரம் அப்படித்தான் இருக்கும், எப்போதும் அல்ல. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் மனு ஜினோபிலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஒலிம்பிக்கில் அமெரிக்காவை அரையிறுதியில் வீழ்த்தித் தங்கம் வென்ற அர்ஜென்டினா அணியின் நாயகன். 2007-08 சீசனில் ஸ்பர்ஸ் வீரர்களில் ஆட்டத்துக்கு அதிகப் புள்ளிச் சராசரி வைத்திருந்தவர் அவர்தான். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் பெஞ்சிலிருந்துதான் வந்தார். பெஞ்சிலிருந்து வருபவர்களில் சிறந்தவருக்குத் தரும் அந்த ஆண்டின் சிறந்த ஆறாவது ஆள் விருதும் அவருக்கே போனது.

ஏன் இப்படி? கோச் கிரெக் போப்போவிச்சின் கணக்கு எளிமையானது. டிம் டங்கன், டோனி பார்க்கர், ஜினோபிலி என்று மூன்று நட்சத்திரங்கள். மூவரையும் ஒன்றாகத் தொடங்க வைத்தால் மூவரும் ஒன்றாகவே களைப்பார்கள், ஒன்றாகவே உட்கார வேண்டிவரும். அந்த இடைவெளியில் எதிரணி பாய்ந்துவிடும். ஒருவரைத் தள்ளி வைத்தால், மற்ற இருவரும் மூச்சு வாங்கும் நேரத்தில் புத்துணர்ச்சியோடு ஒரு நட்சத்திரம் உள்ளே வருவார். எதிரில் நிற்பதோ பெரும்பாலும் எதிரணியின் பெஞ்ச் ஆட்கள். ஜினோபிலி ஆடிய மொத்த நிமிடம் பெரிதாகக் குறையவில்லை, சுமார் 31. அந்த நிமிடங்கள் ஆட்டத்தின் எந்த இடத்தில் விழுகின்றன என்பதுதான் மாறியது. ஆட்டம் முடியும் கட்டத்தில் அவர் களத்தில் இருப்பார்.

நிமிடப் பங்கீட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: எத்தனை நிமிடம் என்பதைவிட எந்த நிமிடம், யாரோடு சேர்ந்து என்பதே பெரிய கேள்வி. நான்காவது குவார்ட்டரின் கடைசி ஐந்து நிமிடத்தில் களத்தில் நிற்கும் ஐவரை முடிக்கும் ஐவர் என்று சொல்லலாம். ஒரு வீரரை கோச் உண்மையில் எவ்வளவு நம்புகிறார் என்பது அங்கேதான் தெரியும். தொடக்க ஐவரின் பெயரை மைக்கில் அறிவிப்பார்கள், விளக்கை அணைத்து ஆர்ப்பாட்டம் செய்வார்கள். முடிக்கும் ஐவருக்கு அறிவிப்பு கிடையாது.

இரண்டு நட்சத்திரம் உள்ள அணிகள் இதே யோசனையை வேறு விதமாகச் செய்யும். 2017-18-இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸில் ஜேம்ஸ் ஹார்டனும் கிறிஸ் பாலும் இருந்தார்கள். இருவருமே பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள். கோச் மைக் டி'அன்டோனி இருவரையும் ஒன்றாகத் தொடங்க வைத்து, பிறகு ஒருவர் உட்காரும்போது மற்றவர் களத்தில் இருக்குமாறு நேரத்தை வெட்டி ஒட்டினார். 48 நிமிடத்தில் கிட்டத்தட்ட எல்லா நேரமும் ஒரு தலைசிறந்த ஆட்டக்காரர் பந்தோடு இருந்தார். அந்த சீசனில் அவர்கள் 65 ஆட்டம் வென்றார்கள்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் ஸ்டீவ் கெர் பல ஆண்டுகள் ஸ்டெஃபன் கரிக்குப் பயன்படுத்திய முறையைக் கடிகாரத்தோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதல் குவார்ட்டர் முழுக்க, அல்லது கிட்டத்தட்ட முழுக்க, கரி ஆடுவார். இரண்டாவது குவார்ட்டரின் முதல் பாதியில் பெஞ்ச். ஆறு நிமிடம் மிச்சமிருக்கும்போது திரும்ப வந்து இடைவேளை வரை ஆடுவார். மூன்றாவது, நான்காவது குவார்ட்டர்களிலும் இதே வாய்ப்பாடு. ஆக அரை ஆட்டத்துக்கு 18 நிமிடம், மொத்தம் 36. அங்கங்கே ஒன்றிரண்டு குறையும். குவார்ட்டர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஓய்வோடு சேர்ந்துகொள்வதால், கடிகாரத்தில் ஆறு நிமிடம் உட்கார்ந்தவருக்கு உண்மையில் பதினைந்து நிமிடம்போல மூச்சு கிடைக்கும். கரி இல்லாத அந்த ஆறு நிமிடத்தில் முன்னிலை எவ்வளவு கரையும் என்று வாரியர்ஸ் ரசிகர்கள் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

திட்டம் கெடும் இடங்கள்

ஆட்டத்துக்கு முன் தாளில் எழுதிய கணக்கு அப்படியே நடந்து முடியும் இரவு அபூர்வம். முதல் எதிரி ஃபவுல். என்.பி.ஏ.வில் ஒருவர் ஆறு ஃபவுல் செய்தால் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. (ஒலிம்பிக்கிலும் நம் ஊர்ப் போட்டிகளிலும் உள்ள சர்வதேச விதியில் ஐந்து, ஆட்டமும் 40 நிமிடம்தான் என்பதால் பங்கிட இருப்பது 200.) முதல் குவார்ட்டரிலேயே ஒருவருக்கு இரண்டு ஃபவுல் விழுந்துவிட்டால், பெரும்பாலான கோச்சுகள் உடனே அவரை வெளியே எடுத்துவிடுவார்கள். எனக்கு இந்தப் பழக்கம் எப்போதுமே கொஞ்சம் விசித்திரமாகப் படும். ஆறு ஃபவுலாகி அவர் ஆட முடியாமல் போய்விடுமோ என்று பயந்து, நாமே அவரை ஆடவிடாமல் செய்கிறோம். முதல் குவார்ட்டரில் எடுக்கும் புள்ளிக்கும் கடைசிக் குவார்ட்டரில் எடுக்கும் புள்ளிக்கும் மதிப்பு ஒன்றுதான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கோச்சுகள் தரப்பில் பதிலும் உண்டு: கடைசி நிமிடத்தில் எதிரணி என்ன ஆட்டம் ஆடப்போகிறது என்று தெரிந்த பிறகு, அதற்கேற்ற ஆள் கையில் இருக்க வேண்டும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பயந்து பயந்து 15 நிமிடம் உட்கார வைக்கப்பட்டவர், கடைசியில் மூன்றே ஃபவுலோடு ஆட்டத்தை முடிக்கும்போது மட்டும் கோச்சின் மேல் கோபம் வரும்.

இன்னோர் இடம் ஒருபக்கமான ஆட்டம். 25 புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் இரண்டு அணிகளும் பெரிய ஆட்களை உட்கார வைத்து, பத்தாவது ஆள் முதல் பதினைந்தாவது ஆள் வரை அனுப்பும். இதைக் குப்பை நேரம் என்று சற்றுக் கொடூரமாகவே அழைக்கிறார்கள். எப்போது நட்சத்திரத்தை வெளியே எடுப்பது என்பது பார்ப்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். 2012 ஏப்ரல் 28 அன்று சிகாகோ புல்ஸ், பிளேஆஃபின் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் ஆட்டத்தில் பிலடெல்ஃபியாவைவிட 12 புள்ளி முன்னால் இருந்தது. இன்னும் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. முந்தைய ஆண்டின் மிக மதிப்புமிக்க வீரரான டெரிக் ரோஸ் இன்னும் களத்தில் இருந்தார். கூடையை நோக்கிப் பாய்ந்து குதித்தவரின் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. பழைய ரோஸ் திரும்பி வரவே இல்லை.

அந்த அணியின் கோச் டாம் திபடோ. 12 புள்ளி என்பது என்.பி.ஏ.வில் ஒன்றரை நிமிடத்தில் கரையக்கூடியது அல்ல என்று சொல்கிறவர்களும் உண்டு. பிளேஆஃபில் எந்த கோச்சும் அப்படித்தான் செய்திருப்பார் என்கிறவர்களும் உண்டு. அந்தக் காயம் அந்த ஒரு நிமிடத்தால்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் "தன் ஆட்களை அதிகம் ஓட வைக்கிறவர்" என்ற பெயர் திபடோவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரிடம் ஆடிய லூல் டெங் 2011-12, 2012-13 இரண்டு சீசன்களிலும் ஆட்டத்துக்கு நிமிடச் சராசரியில் லீக்கிலேயே முதலிடம். பத்து ஆண்டுக்கு மேல் கழித்து நியூயார்க் நிக்ஸிலும் அதே கதை: 2024-25-இல் ஜாஷ் ஹார்ட் 37.6 நிமிடச் சராசரியோடு முதலிடம். அதே அணியின் மிக்கேல் பிரிட்ஜஸ், பெஞ்சில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு இத்தனை நிமிடம் தேவையில்லை என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசியது பெரிய செய்தியானது. 2000-க்குப் பிறகு முதல்முறையாக அணியைக் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றுக்கு அழைத்துப்போன திபடோ, அது முடிந்த சில நாட்களிலேயே வேலையை இழந்தார். நிமிடங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். காதில் விழுந்த பேச்சில் அது நிறையவே இருந்தது.

நிமிடம் என்பது காசு

வீரர்கள் ஏன் இதற்கு இவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள்? ஆடினால்தான் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்) எல்லாம் கணக்கில் ஏறும். கணக்கில் ஏறினால்தான் அடுத்த ஒப்பந்தம். ஜெரமி லின் கதை இதற்குப் பாடநூல் உதாரணம். ஹார்வர்டில் படித்தவர். 2010 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இரண்டு அணிகள் வெளியே அனுப்பிய பிறகு நிக்ஸ் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தும் அனுப்பிவிடுவார்கள் என்ற நிலை. 2012 பிப்ரவரி 4 அன்று, வேறு வழி தெரியாமல் டி'அன்டோனி அவரை நியூஜெர்சி நெட்ஸுக்கு எதிராக இறக்கினார். 36 நிமிடம் ஆடி 25 புள்ளி எடுத்தார். ஆறு நாள் கழித்து கோபி பிரையன்டின் லேக்கர்ஸுக்கு எதிராக 38. அந்தக் கோடையில் ஹூஸ்டன் அவருக்குக் கொடுத்தது மூன்று ஆண்டுக்கு 2.5 கோடி டாலர். பிப்ரவரி 3 அன்றும் அதே கை, அதே கால்தான். இல்லாமல் இருந்தது நிமிடம்.

அதனால்தான், ஏற்கெனவே பெயர் வாங்கிய ஒருவரிடம் "நீ இனி பெஞ்சிலிருந்து வா" என்று சொல்வது ஒரு கோச்சுக்கு மிகச் சங்கடமான பேச்சு. ஆந்த்ரே இகுவடாலா 2014 வரை தன் தொழில்வாழ்க்கையில் ஆடிய 700-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் எல்லாவற்றையும் தொடக்க ஐவரில் ஒருவராகவே ஆடியவர். புதிதாக வந்த ஸ்டீவ் கெர், இளம் ஹாரிசன் பார்ன்ஸுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு இவரைப் பெஞ்சுக்கு அனுப்பினார். சீசன் முழுக்க இகுவடாலா ஓர் ஆட்டத்தையும் தொடங்கவில்லை. 2015 இறுதிச் சுற்றில் கிளீவ்லாந்திடம் 2-1 என்று பின்தங்கிய நிலையில், நான்காவது ஆட்டத்தில் உயரமான ஆண்ட்ரூ போகட்டை வெளியே வைத்து இகுவடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார்கள். யோசனையைக் கொடுத்தவர் நிக் யூரென் என்ற இளம் உதவியாளர். உயரம் குறைந்தது, வேகம் கூடியது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று வாரியர்ஸ் சாம்பியன். இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது இகுவடாலாவுக்கு. இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் அவரைப் பற்றியே பேசுவோம். அந்த மூன்று ஆட்டங்களில் மொத்தமாகவே ஒரு சில நிமிடம் மட்டும் கிடைத்து, முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்த போகட்டை யாரும் பேசுவதில்லை.

82 ஆட்டத்தின் சுமை

இதுவரை பார்த்தது ஓர் இரவுக் கணக்கு. ஒரு சீசனில் 82 ஆட்டம், ஆறு மாதத்துக்குள். சில வாரம் அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு ஊர்களில் ஆட வேண்டிவரும். நள்ளிரவில் விமானம், விடியற்காலையில் ஓட்டல். ஆட்டத்தில் ஓடும் தூரத்தைப் பார்த்தால் கால்பந்தைவிடக் குறைவுதான், நிறைய ஆடுபவர்களுக்கே நான்கு கிலோமீட்டர் அளவில்தான் வரும். ஆனால் இரண்டு மீட்டர் உயரமும் நூறு கிலோ எடையும் உள்ள உடம்பு பாய்ந்து, சட்டென்று நின்று, குதித்து, கட்டைத் தரையில் இறங்குவதை நூறு தடவை செய்யும்போது முழங்காலும் குதிகாலும் கணக்கு வைத்துக்கொள்ளும்.

இதை முதலில் ஒரு கொள்கையாகவே எடுத்துக்கொண்டவர் போப்போவிச். 2012 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் டங்கனுக்கு ஓய்வு கொடுத்தார். ஸ்கோர் தாளில் ஆடாததற்குக் காரணம் எழுதும் இடம் ஒன்று உண்டு. காயம், கோச்சின் முடிவு என்று ஏதாவது இருக்கும். டங்கன் பெயருக்கு எதிரே இருந்த காரணம்: "வயதாகிவிட்டது". அவருக்கு அப்போது 35. லீக் முழுவதும் சிரித்தது. அதே ஆண்டு நவம்பரில் சிரிப்பு நின்றது. நடப்பு சாம்பியன் மயாமியோடு தேசிய ஒளிபரப்பில் ஆட்டம். தொடர்ச்சியான ஆறாவது வெளியூர் ஆட்டம், ஐந்து இரவில் நான்காவது. போப்போவிச் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நால்வரையும் விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். மிச்சமிருந்தவர்கள் கடைசி வரை போராடி 105-100 என்று தோற்றார்கள். லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் ஸ்பர்ஸுக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டார். டிக்கெட் வாங்கியவர்களையும் டிவி பார்ப்பவர்களையும் ஏமாற்றியதாகக் குற்றச்சாட்டு.

யார் பக்கம் நியாயம்? நட்சத்திரத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு காசு கொடுத்து வந்தவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் 2013-14-இல் ஸ்பர்ஸ் என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். அந்த சீசனில் அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்கு 30 நிமிடச் சராசரியைத் தொடவில்லை. பார்க்கர், டங்கன், கவாய் லெனர்ட் எல்லாரும் 29 சொச்சம். அதற்கு முன் எந்த என்.பி.ஏ. அணியும் அப்படி ஒரு சீசனை முடித்ததில்லை. வென்றது 62 ஆட்டம், லீக்கிலேயே அதிகம். ஜூன் மாத இறுதிச் சுற்றில் மயாமியை 4-1 என்று வென்றபோது டங்கனுக்கு 38 வயது. எதிரில் லெப்ரான் ஜேம்ஸ் சீசன் முழுக்க 37 நிமிடத்துக்கு மேல் ஓடிவிட்டு வந்திருந்தார். முதல் ஆட்டத்தில் அரங்கின் ஏ.சி. பழுதாகி, கடைசி நிமிடங்களில் அவருக்குத் தசைப்பிடிப்பு வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அன்று அந்த வெக்கையில் இரண்டு அணியும்தான் வெந்தது. பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கிப் பழகிய அணிக்கு அதைத் தாங்க முடிந்தது.

அதற்குப் பிறகு எல்லா அணியும் இதைப் பிடித்துக்கொண்டது. 2018-19-இல் டொரன்டோ, கவாய் லெனர்டை 60 ஆட்டங்களில் மட்டுமே ஆடவிட்டு, பிளேஆஃபுக்குப் பாதுகாத்து வைத்து, கோப்பையையும் வாங்கிவிட்டது. பாதுகாப்பு போதை ஆனதும் லீக் குறுக்கிட்டது. 2023-24 முதல், குறைந்தது 65 ஆட்டம் ஆடாதவருக்கு மிக மதிப்புமிக்க வீரர் போன்ற பெரிய விருதுகள் கிடையாது. தலைகாட்டிவிட்டுப் போவதைத் தடுக்க, சில சிறு விலக்குகள் தவிர, 20 நிமிடமாவது ஆடியிருந்தால்தான் அது ஓர் ஆட்டமாகக் கணக்கில் வரும். ஒரே ஆட்டத்தில் இரண்டு நட்சத்திரங்களுக்குக் காரணமின்றி ஓய்வு கொடுத்தால் முதல் தடவை ஒரு லட்சம் டாலர் அபராதம், அடுத்த தடவை இரண்டரை லட்சம், அதற்கப்புறம் பத்து லட்சத்துக்கு மேல்.

பிளேஆஃப் வந்ததும் இந்தச் சேமிப்பையெல்லாம் எடுத்துச் செலவழிப்பார்கள். அடுத்தடுத்த இரவில் ஆட்டம் இல்லை, ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை. ஆகவே ஒன்பது பேர் ரொட்டேஷன் எட்டாகும், ஏழாகும், நட்சத்திரங்கள் 40 நிமிடத்தைத் தொடுவார்கள். சீசனில் நன்றாக ஆடிய ஒருவருக்கு ஒரு குறை இருந்தால், உதாரணமாகத் தூரத்திலிருந்து எறிய வராது என்றால், எதிரணி அதை இரண்டே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடும். அவருடைய நிமிடம் மளமளவென்று சரியும். விதிவிலக்கும் உண்டு. 2025-இல் இண்டியானா பேசர்ஸ் பிளேஆஃபிலும் பத்துப் பேரை இறக்கி, ஓட ஓட விரட்டி, திபடோவின் நிக்ஸையே வீழ்த்தி இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போனது.

கடைசி நிமிடத்தில் கணக்கு நிமிடத்திலிருந்து நொடிக்கு இறங்கிவிடும். பந்து நம்மிடம் இருந்தால் நன்றாக எறிபவர்கள், எதிரணியிடம் இருந்தால் நன்றாகத் தடுப்பவர்கள் என்று கோச்சுகள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் இதற்காகவே இன்றும் பேசப்படுகிறது. ஸ்பர்ஸுக்கு 3-2 முன்னிலை. அன்று வென்றால் கோப்பை. அரை நிமிடம்கூட இல்லை, ஐந்து புள்ளி முன்னிலை. மயாமிக்குத் தேவை, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்கள். ஆகவே போப்போவிச், உயரமான டங்கனை வெளியே எடுத்து, கோட்டுக்கு வெளியே ஓடிப்போய்த் தடுக்கக்கூடிய வேகமான ஆட்களை வைத்தார். தாளில் எழுதிப் பார்த்தால் சரியான முடிவு. லெப்ரான் எறிந்தது விழவில்லை. கூடைக்கடியில் டங்கன் இல்லை. திரும்பி வந்த பந்தை மயாமி பிடித்து மறுபடி அவரிடமே கொடுத்தது, அது மூன்று புள்ளி ஆனது. பிறகு ஒருமுறை, டங்கன் மறுபடி பெஞ்சில். மறுபடி லெப்ரான் தவறவிட்டார். கிறிஸ் போஷ் எட்டிப் பிடித்து மூலையில் இருந்த ரே ஆலனுக்கு அனுப்ப, 5.2 நொடி மிச்சமிருக்கையில் 95-95. ஓவர்டைமில் மயாமி 103-100.

அன்றைய ஸ்கோர் தாளில் டங்கனுக்கு 30 புள்ளி, 17 ரீபவுண்ட், 40-க்கு மேல் நிமிடம் என்று இருக்கும். அந்தச் சில நொடிகளில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. போப்போவிச் செய்தது தவறு என்று அன்றிரவே தீர்ப்பு எழுதியவர்கள் ஏராளம். இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம். கடைசி ஒரு நிமிடம், மயாமி இரண்டே புள்ளி முன்னால். இந்த முறை டங்கன் களத்தில்தான் இருந்தார். கூடைக்குப் பக்கத்தில் பந்து அவர் கைக்கே வந்தது, தடுக்க நின்றவர் அவரைவிடக் குள்ளமானவர். எறிந்தது விழவில்லை, தவறியதைத் தட்டிவிட்டதும் விழவில்லை. மயாமி 95, சான் அன்டோனியோ 88.